என் பெயர் ஏறிய தேற்றம்

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். எங்கள் ஆசிரியர் அறையில் தையல் டீச்சருக்கு மட்டும் ஓர் ஓரத்து ஸ்டூல். பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் நாற்காலி என்று யாரும் சட்டம் போடவில்லை, அப்படி ஆகிப்போயிருந்தது. அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எட்டாவதோடு படிப்பு நின்றுபோய், தையல் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர்.

அந்த வருடம் பள்ளிக் கண்காட்சிக்கு அவருடைய வகுப்பில் தோரணம் தைத்தார்கள். மூன்று பக்கமும் சமமான முக்கோணத் துணிகள். பிள்ளைகள் துணியின் மேல் இஷ்டப்பட்ட இடத்தில் ஒரு பொத்தான் வைத்து, அதிலிருந்து மூன்று பக்கங்களுக்கும் நேராக, செங்குத்தாக, மூன்று துண்டு நாடா தைக்க வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் நாலைந்து துணிகளை என் மேஜையில் பரப்பினார்.

“டீச்சர், எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஒரே நீளத்துல ஒரு நாடாதான் குடுத்தேன், அத அவங்களே மூணா வெட்டித் தச்சாங்க. ஒருத்தி பொத்தான நடுவுல வச்சிருக்கிறா, ஒருத்தி மூலைக்கிட்ட வச்சிருக்கிறா. ஒருத்திக்கும் பத்தாம போவல, மிஞ்சவும் இல்ல. இது இன்னா கணக்கு?”

“ஏதோ தற்செயலா இருக்கும்.”

“நாப்பது துணியிலயுமா?”

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். பொத்தானை மூன்று முனைகளோடும் இணைத்தால் முக்கோணம் மூன்றாகப் பிரிகிறது. அந்த மூன்றின் பரப்பைக் கூட்டினால் மொத்தப் பரப்பு. மூன்றுக்கும் அடிப்பக்கம் ஒரே அளவு. ஆகவே பொத்தான் எங்கே இருந்தாலும் மூன்று நாடாக்களின் கூட்டுத்தொகை பெரிய முக்கோணத்தின் உயரம்தான். ஆறு வரியில் நிரூபணம் முடிந்தது. மறுநாள் காட்டினேன். அவர் என் ஆறு வரியைப் படிக்கவில்லை. மூன்றாக வெட்டாத நாடா ஒன்றை எடுத்துத் துணியின் உச்சியிலிருந்து அடிவரை வைத்துப் பார்த்தார். “ஆமா, சரியா இருக்குது!” என்று சின்னப் பெண் மாதிரி சிரித்தார்.

அடுத்த மாதம் திண்டிவனத்தில் கணக்கு ஆசிரியர்கள் கூட்டம். ஆளுக்கொரு புது விஷயம் சொல்ல வேண்டும். நான் கரும்பலகையில் முக்கோணம் வரைந்து, “எங்கள் பள்ளியில் தோரணம் தைக்கும்போது கவனித்தது” என்று ஆரம்பித்தேன். யார் கவனித்தது என்று சொல்லாமலே தமிழில் அந்த வாக்கியம் முடிந்துவிடுகிறது.

நிரூபணம் முடிந்ததும் தலைமை தாங்கிய அதிகாரி எழுந்தார். “கிரேக்கக்காரன் பேர்ல தேற்றம் இருக்கு, ஜெர்மன்காரன் பேர்ல இருக்கு. நம்ம தென்னாற்காட்டு டீச்சர் பேர்ல ஒண்ணு இருக்கக் கூடாதா?” என்று என் பெயரையே அதற்குச் சூட்டினார். கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். தையல் டீச்சர் என்று சொன்னால் சிரிப்பார்களே என்று பயந்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. கைதட்டல் நன்றாக இருந்தது என்பது மீதி.

தேற்றத்தைச் சைக்ளோஸ்டைலில் நகலெடுத்த தாள் ஒன்று எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. தலைப்பிலேயே என் பெயர், நைனாவின் இனிஷியலோடு; அடியில் அதிகாரியின் கையெழுத்து. நைனா ஒரு பிரதி வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டீக்கடையில் கணக்கே தெரியாதவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு பிரதியை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டினார். தையல் டீச்சர் அதை நின்று முழுக்கப் படித்தார்.

“நல்லா இருக்குது டீச்சர்” என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தையல் அறையிலேயே சாப்பிட ஆரம்பித்தார். ஸ்டூலில் நோட்டுக்கட்டு ஏறியது.

நிரூபித்தது நான்தானே, பார்த்தவரெல்லாம் கண்டுபிடித்தவர் ஆவாரா என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டே மாதங்களை ஓட்டினேன். அந்தக் கோடையில் பயிற்சிக்காக மெட்ராஸ் போயிருந்தபோது ஒரு நூலகத்தில் பழைய வடிவியல் புத்தகம் கையில் கிடைத்தது. அதே முக்கோணம், அதே புள்ளி. இத்தாலிக்காரர் ஒருவர் முந்நூறு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். தேற்றம் அவர் பெயரில்தான் இருக்கிறது. முகம் சுட்டது. அடுத்த நிமிடமே நிம்மதியும் வந்தது. அப்படியானால் நான் யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லை!

பள்ளி திறந்த அன்றே அந்த நிம்மதியோடு தையல் அறைக்குப் போனேன். அவர் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், அது நம்ம ரெண்டு பேருதும் இல்ல. முந்நூறு வருஷம் முன்னாடியே ஒருத்தர் கண்டுபிடிச்சிட்டாராம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அவரு கண்டுபிடிச்சது உங்களுக்குத் தெரியுமா அப்போ?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. அவரு பேரு இருக்கட்டும், வேணாங்கல. அன்னிக்கு அந்தக் கூட்டத்துல, இவங்க சொன்னாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?”

அங்கிருந்து நேராக ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய் விஷயத்தைச் சொல்லி, சுவரிலிருந்த தாளை நானே கிழித்தேன். வீட்டில் நைனாவிடம் அவருடைய பிரதியைக் கேட்டபோது அவர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். “அதிகாரி கையெழுத்துப் போட்டது பொய்யா? நீ சும்மா இரு” என்றார். கடைசிவரை அவர் அதைக் கொடுக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில், யாரும் கேட்காமலே எழுந்து, போன வருடம் என் பெயரில் சொன்னது இத்தாலிக்காரருடைய தேற்றம், எங்கள் பள்ளியில் அதைத் தானாகவே கண்டுகொண்டவர் தையல் டீச்சர், நான் இல்லை என்றேன். புதிதாக வந்திருந்த அதிகாரிக்கு எதுவும் புரியவில்லை. “நல்லதும்மா, உட்காருங்க” என்றார். பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. மற்றப் பள்ளிகளுக்குப் போன தாள்களைத் திரும்ப வாங்க வழியில்லை.

மறுநாள் அவரிடம் சொன்னேன்.

“சிரிச்சாங்களா?” என்று கேட்டார்.

“ரெண்டு பேர்.”

“சிரிப்பாங்க” என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.  வருடக் கடைசியில் தன் ஊருக்குப் பக்கத்திலேயே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். என்னிடம் விடைபெற்றார், எல்லோரிடமும் விடைபெற்றது போலவே.