ட்ரூடியும் லைலும் பங்கு போட்ட பொம்மைகள்

மான்ஸ்ஃபீல்டில் பனி கொட்டத் தொடங்கிவிட்டால் ட்ரூடி ஹாஃப்ஸ்டெட்லர் உத்தரவில்லாமல் ஒரு சாலையும் திறக்காது. சாலையில் பனியை வழித்துத் தள்ளுகிற மாவட்டத்துப் பனிவண்டிகளை எல்லாம் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து விரட்டுகிறவள் அவள்தான். முரட்டு ஓட்டுநர்கள்கூட அவள் குரலுக்கு முன்னால் பெட்டிப் பாம்பு.

"ஏன்யா டுவேன், காப்பிக் கடை வாசலை மட்டும் மூணு தரம் வழிச்சிருக்கே. மத்த ரோட்டுல எல்லாம் மனுஷங்க போகவேணாமா?"

"அங்கதான் ட்ரூடி பனி ஜாஸ்தி."

"பனி ஜாஸ்தியா, பலகாரம் ஜாஸ்தியா? வண்டியத் திருப்புய்யா!"

இந்த அதிகாரம் வேலையால் வந்தது என்று நினைத்தால் தப்பு. பிறக்கும்போதே கொண்டுவந்தது. நான்கு அண்ணன்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக வளர்ந்தவள் வாயில்லாப் பூச்சியாக இருந்தால் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு ஒரு உருளைக்கிழங்குகூட மிஞ்சியிருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் 'வெராக்ஸ் எல்லை' என்கிற விண்வெளித் தொடர் ஓடும். அதில் விண்கப்பலை ஓட்டுகிறவள் கேப்டன் டெல்லா என்கிற பெண். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட காசில் ட்ரூடி முதன்முதலாக வாங்கியது அந்த டெல்லா பொம்மையைத்தான்.

"பொட்டப் புள்ளைக்கு எதுக்குடி விண்வெளி பொம்மை?" என்றான் பெரிய அண்ணன்.

"உன் மூளைக்கு உன்னை ஆகாசத்துக்கு எவனும் அனுப்பமாட்டான். நானாவது போறேன், விடு."

அன்றைக்கு ஆரம்பித்தது. தொடர் மூன்றே வருஷத்தில் நின்றுபோனது, ட்ரூடி நிற்கவில்லை. தலைமுடி நரைத்துப் பாட்டியாகிற வயது வந்த பிறகும் அவள் வீட்டுப் பின்னறையில் வெராக்ஸ் ஆட்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். சேகரிக்கிறவர்களில் சிலருக்குப் பொம்மை என்று சொன்னால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ட்ரூடிக்கு அந்த வீம்பு கிடையாது. "பொம்மைதான்யா. பின்ன என்ன, சர்ச்சுல வெச்சுக் கும்பிடற சிலையா?" என்பாள். ஆனால் எது அசல், எது பிற்பாடு வார்த்த போலி என்பதில் அவள் சொன்னால் சொன்னதுதான். அடுத்த மாநிலமான இண்டியானாவிலிருந்துகூடப் பொட்டலம் கட்டிக்கொண்டு அவளிடம் காட்ட வருவார்கள். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தே பாதியைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

வெராக்ஸ் சேகரிப்பாளர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கத்தில் எதையும் பொறுப்பார்கள். கால் உடைந்ததை வை, சாயம் போனதை வை, துப்பாக்கி தொலைந்ததை வை, ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பொறுக்காத பாவம் ஒன்றே ஒன்று. அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழுக்குள் பொம்மை இருக்கும் அல்லவா, அந்தக் குமிழ் ஒருமுறை விட்டுப்போன பிறகு திரும்ப ஒட்டி, கடையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று காட்டுவது. அப்படிச் செய்தவன் பெயரைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசிப்பார்கள். அதற்குப் பிறகு அவனோடு யாரும் பொம்மை மாற்றிக்கொள்ளவும் மாட்டார்கள், பக்கத்தில் நாற்காலி போடவும் மாட்டார்கள். இரண்டு பேர் பெயரை ட்ரூடியே வாசித்திருக்கிறாள். அதில் ஒருத்தி அவளுடைய நெருங்கிய தோழி. வாசித்துவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்து அழுதாள், ஆனால் வாசிக்கும்போது குரல் தடுமாறவில்லை.

இனி லைல் கதை. லைல் ஹாஃப்ஸ்டெட்லர் இரும்புச் சாமான் கடையில் சாவி வெட்டுகிறவன். ஒல்லி, சாது. அவனும் வெராக்ஸ் பொம்மை சேர்க்கிறவன்தான், ஆனால் சேர்ப்பது முழுக்க வில்லன்கள். "நல்லவங்க எல்லாரும் ஒரே மூஞ்சி. கெட்டவங்களுக்குத்தான் கொம்பு, வால், செதில்னு விதவிதமா இருக்கு" என்பது அவன் நியாயம். ஒரு பழைய சாமான் சந்தையில் குரோஸ் என்கிற பல்லி ராஜா பொம்மையின் அங்கி ஒன்றை இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பிடித்து இழுத்தார்கள். விட்டுக்கொடுத்தவன் லைல். விட்டுக்கொடுத்த கையோடு காப்பி வாங்கித் தரட்டுமா என்று கேட்டான். கல்யாணத்தில் முடிந்தது.

அந்தக் கல்யாணம் பிற்பாடு முறிந்ததற்குப் பொம்மைகள் காரணமில்லை. லைலுக்கு ஒரு வியாதி, மறைப்பது. பழைய வேலை போனபோது அதைச் சொல்லாமல் தினமும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப்போய் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவான். மாதக்கணக்கில். பொய் சொல்லவேண்டும் என்கிற எண்ணம் அல்ல, அவள் முகம் வாடுவதைப் பார்க்கத் தைரியமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனோடு எத்தனை நாள் குடித்தனம் நடத்த முடியும்? "வேலை போனா போகுது, அத ஏரிகிட்ட சொன்ன ஆளு என்கிட்ட சொல்லலியே" என்றுதான் ட்ரூடி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பங்கு போட்டார்கள். வீடு அவளுக்கு, படகு அவனுக்கு, நல்லவர்கள் அவளுக்கு, வில்லன்கள் அவனுக்கு. வக்கீலுக்குத் தலை சுற்றியது. எல்லாம் சுமுகமாக முடிந்து கடைசியில் ஒன்று மாட்டிக்கொண்டது. கேப்டன் டெல்லாவையும் பல்லி ராஜா குரோஸையும் ஒரே அட்டையில், ஒரே குமிழுக்குள் அடைத்து விற்ற ஜோடிப் பொதி. அதில் இருந்த உடுப்பில் அந்த இரண்டு பேரும் தனியாக விற்பனைக்கு வந்ததே கிடையாது, பொதியும் கடைக்கு வந்த நாளிலிருந்து திறக்காதது. பங்கு போடவேண்டுமானால் கிழிக்கவேண்டும். கல்யாணத்தையே கிழித்துப்போட்ட இரண்டு பேருக்கும் அந்தக் குமிழைக் கிழிக்க மனசு வரவில்லை.

ஆகவே ஜூனிலிருந்து அவனிடம், டிசம்பரிலிருந்து அவளிடம் என்று ஏற்பாடு. கைமாற்றுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்ன ஹோட்டலில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு மசியலின் மேல் நூடுல்ஸ் போட்டுச் சாப்பிடுவார்கள். அவள் திட்டுவாள், அவன் கேட்டுக்கொள்வான். சட்டை அழுக்கு, பல் டாக்டரிடம் போகவில்லை, தங்கைக்குப் போன் செய்யவில்லை, எல்லாவற்றுக்கும் திட்டு விழும். சாப்பிட்டு முடித்தும் இரண்டு பேரும் எழுந்திருக்க மாட்டார்கள். கட்டிக்கொண்டிருந்த காலத்தில்கூட இவர்கள் இவ்வளவு பேசியதில்லை என்று பரிமாறுகிற பெண்ணே சொல்லுவாள்.

அந்த டிசம்பரில் சங்கத்தின் கண்காட்சி தீயணைப்புக்காரர் மண்டபத்தில் நடந்தது. ட்ரூடி தன் வரிசை முழுவதையும் வைக்கப்போவதாகவும், நடுவில் திறக்காத ஜோடிப் பொதி இருக்கும் என்றும் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். லைல் அன்று காலையில்தான் கொண்டுவந்தான். கார் நிறுத்துகிற இடத்திலேயே கையில் திணித்துவிட்டு, "நான் போய்க் காப்பி வாங்கிட்டு வரேன்" என்று நழுவினான்.

மேசையில் வைப்பதற்கு முன்னால் எதையும் புற ஊதா விளக்கில் காட்டுவது ட்ரூடியின் வழக்கம். தன் சொந்தப் பொருளானாலும் காட்டுவாள். பழைய பசை அந்த வெளிச்சத்தில் மந்தமாகக் கிடக்கும், புதுப் பசை நீலமாக மின்னும். மேசைக்கு அடியில் குனிந்து விளக்கைப் போட்டாள். குமிழின் ஓரம் சுற்றிலும் நீலமாக மின்னியது.

விளக்கைச் சட்டென்று அணைத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் பொதியைக் கோட்டுக்குள் சொருகிக்கொண்டு, காப்பி வரிசையில் நின்றவனைச் சட்டைக் காலரைப் பிடித்துச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். அடுப்பில் ரொட்டிக்குள் வைக்கிற கோழிக்கறி வெந்துகொண்டிருந்தது, ஆள் இல்லை.

"யோவ், இது என்னய்யா?"

லைல் தரையைப் பார்த்தான்.

"தரையில ஒண்ணும் எழுதி வெக்கல. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"தூசி படக்கூடாதுன்னுதான் ட்ரூடி... காத்துப் புகாத கண்ணாடிப் பெட்டி ஒண்ணு வாங்கி அதுக்குள்ள வெச்சேன். ஆகஸ்ட்ல வெயில் அடிச்சுது பாரு, உள்ள சூடு ஏறிப்போச்சு. ஒரு நாள் பாத்தா குமிழு தனியா கழண்டு கெடக்குது."

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை. சும்மா அலமாரியில் போட்டிருந்தால் இன்னும் முப்பது வருஷம் இருந்திருக்கும். பொத்திப் பொத்தி வைத்தே கெடுத்தான்.

"சரி, கழண்டுச்சு. கழண்டுச்சுன்னு ஒரு போன் பண்ண விரல் இல்லியா உனக்கு? பசையத் தூக்கிட்டு ஒக்காந்தியா? தெரியுமில்ல, என்ன ஆகும்னு தெரியுமில்ல? நான்தானே எழுந்து நின்னு உன் பேரைப் படிக்கணும்!"

"தெரியும்."

"அப்புறம் ஏன்யா?"

லைலுக்குக் கண் நிறைந்து மூக்கு ஒழுகியது. 

"கழண்டுபோச்சுன்னு சொன்னா, நல்லதாப்போச்சு, இந்தா உன் குரோஸ், எடுத்துக்கிட்டுப் போன்னு குடுத்துடுவே. எல்லாம் பங்கு போட்டு முடிஞ்சிரும். அப்புறம் ஜூன்ல நான் எதுக்கு வரது, ட்ரூடி?"

  ட்ரூடிக்குக் கோபம் வந்தது, அவன் மேல் பாவமாகவும் இருந்தது, இரண்டுக்கும் மேலாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது, அதன்மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

ஆனால் யோசிக்க நேரம் இல்லை. சங்கத் தலைவர் மெர்வின், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், ஊதா விளக்கோடு மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். பொதியை வைத்தால் மாட்டும். வைக்காமல் ஒளித்தால் ஏன் வைக்கவில்லை என்று கேட்பார்கள், ஆறு மாதம் அது யாரிடம் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். லைலுக்கு அந்தச் சங்கத்தை விட்டால் நாதியில்லை. அவன் பெயர் ஒருமுறை வாசிக்கப்பட்டால் செத்துப்போன மாதிரிதான். அதற்காகத் தோழியின் பெயரையே வாசித்த வாயால் இது அசல் என்று பொய் சொல்வதா? அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

"மூக்கைத் துடை. வா எம் பின்னால" என்றாள்.

மேசைக்கு முன்னால் மெர்வின் நின்றிருந்தார். பின்னால் கூட்டம்.

"எங்க ட்ரூடிம்மா அந்த ஜோடி? ஒரு வருஷமா சொல்லிட்டிருக்கே, பாத்துடலாம்."

ட்ரூடி பொதியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். பனிவண்டிகளை விரட்டுகிற அதே குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் பாத்துக்குங்க! இத நான் காட்சிக்கு வைக்கல. இத மூடின பொதின்னும் நான் சொல்லல. நானும் இவரும் பங்கு பிரிக்காம விட்டது இது ஒண்ணுதான். இன்னிக்குப் பிரிக்கப் போறேன்."

சொல்லிக்கொண்டே நகத்தை விட்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். அட்டை வெள்ளையாகக் கிழிந்தது. மண்டபத்தில் யாரோ "ஐயையோ!" என்று அலறினார்கள். ஒரு பெரிய மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், சவ ஊர்வலம் போகிறபோது கழற்றுவார்களே, அப்படி.

மெர்வினின் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கிழிந்த ஓரத்தில் அங்கங்கே நீலம் தெரிந்ததா இல்லையா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். கிழிந்த அட்டையைப் பார்த்தார், லைலின் சிவந்த கண்ணைப் பார்த்தார், விளக்கை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"தெறந்த பொதியில பரிசோதிக்க என்ன இருக்கு? சாப்பாடு ரெடியான்னு பாருங்கப்பா" என்று நகர்ந்தார்.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. மேசையோரம் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். மேசைமேல் டெல்லாவும் குரோஸும் கிடந்தார்கள், சாயம் சற்றும் மங்காமல். அத்தனை வருஷமாக ஆசைப்பட்டும் தொடாத டெல்லா. ட்ரூடி அவளை எடுத்து ஒரு விரலால் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

லைல் குரோஸ் பக்கம் கையை நீட்டினான். "எம் பேரக் காப்பாத்திட்டே. அது போதும். குரோஸை எடுத்துக்கிட்டு நான் கெளம்பறேன்."

ட்ரூடி டெல்லாவை அவன் சட்டைப் பையில் போட்டாள். குரோஸை எடுத்துத் தன் கைப்பையில் வைத்து மூடினாள்.

"ஏய், மாத்திக் குடுத்துட்டே."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"அவ உன் ஆளு, ட்ரூடி. இந்தக் கேப்டன் இல்லாம உன் வரிசை முழுசாகாது."

"குரோஸ் இல்லாம உன் வரிசையும்தான் முழுசாகாது. ஜூன்ல எடுத்துக்கிட்டு வா, மாத்திக்கலாம். டிசம்பர்ல மறுபடி மாத்திக்கலாம்."

லைலுக்கு மறுபடி கண் நிறைந்தது. இந்தத் தடவை அவன் மறைக்கவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றாள் ட்ரூடி, விரலை நீட்டி. "அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, காலு போச்சோ கையி போச்சோ, அன்னிக்கே எனக்குப் போன் வரணும். ஏரிகிட்ட போய்ச் சொல்லக்கூடாது."