உப்புக் காத்தும் பேங்க் கண்ணாடியும்

பேங்க் முகப்புக்குக் கண்ணாடி மாட்டுறது என் தொழில். ஊரு மாறுறதை முதல்ல பார்க்கிறவனும் நான்தான், அதுக்குத் திட்டு வாங்குறவனும் நான்தான். என்னை மாதிரியே ட்ரில்லும் கையுமா அலையற தொழில்காரங்க உங்களுக்கு இது புதுசு இல்ல.

சென்னை டிராயிங்

மரக்காணம் மெயின் ரோட்டுல ஒரு பேங்க். முன்னாடி அகலமான சன்ஷேடு. உப்பளத்து வேலை முடிச்சு வர்ற பொம்பளைங்க பஸ் வர்ற வரைக்கும் அந்த நிழல்லதான் உக்காந்திருப்பாங்க. எங்க அக்கா அஞ்சலையும் அதுல ஒருத்தி. சென்னையிலேர்ந்து டிராயிங் வந்துச்சு: சன்ஷேடை இடிச்சிட்டு, தரையிலேர்ந்து மேல வரைக்கும் கண்ணாடி. இவங்க எல்லாம் எங்க சார் உக்காருவாங்கன்னு மேனேஜரைக் கேட்டேன்.

"ஏம்பா, இது பேங்க்கா, பஸ் ஸ்டாப்பா? உள்ள வர்றவன் மரக்காணத்துல இருக்கிறோம்னே நினைக்கக் கூடாது."

துணிக்கடைக்காரர்

மறு மாசமே எதிர்க்கடைக்காரர் கூப்பிட்டார். ஜம்முனு இருந்த ஓட்டுத் தாழ்வாரத்தைப் பிரிக்கச் சொன்னார். வெயில் நேரா துணி மேல அடிக்கும், சாயம் போயிடும்னு சொன்னேன். மனுஷன் கேக்கல.

"பேங்க் மாதிரியே போடுப்பா. அப்பதான் என்னையும் ஒரு ஆளா மதிப்பாங்க."

ஸ்டிக்கர்

வெள்ளை வெயில்ல உப்பு வாரி வாரி அக்காவுக்குக் கண்ணு மங்கல். அவளை மாதிரி ஆளுங்களுக்குக் கண்ணாடி இருக்கிறதே தெரியாது. குறுக்கால ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டட்டுமான்னு மேனேஜர்கிட்ட கெஞ்சினேன்.

"டிராயிங்ல இல்லாததை ஒட்டினா மெமோ எனக்குத்தான் வரும்."

பெரிய அதிகாரி

நல்லவேளையா கடல் காத்து ரெண்டே நாள்ல கண்ணாடி மேல உப்பைப் படிய வச்சிடும். அந்த வெள்ளையைப் பார்த்து ஜனங்க ஒதுங்கிப் போவாங்க. அப்புறம் ஒரு நாள், பெரிய அதிகாரி வர்றார், கண்ணாடி பளபளன்னு இருக்கணும்னு மேனேஜர் கூப்பிட்டார். நானும் போய்த் துடைச்சேன். ஒரு பொட்டு உப்பு விடல.

ஏணியை மடக்கிக்கிட்டு இருக்கும்போது அக்கா பாஸ்புக்கோட வந்தா. வழி திறந்து கிடக்குதுன்னு நினைச்சு விறுவிறுன்னு நடந்தா. நான் கூப்பிடுறதுக்குள்ள மோதிட்டா. இலவசக் கண் கேம்ப்ல கொடுத்த மூக்குக்கண்ணாடி உடைஞ்சு இடது கண்ணுல இறங்கிடுச்சு. அந்தக் கண்ணு இனிமே தெரியாதுன்னு புதுச்சேரி ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. துடைச்ச கையை வெட்டிப் போட்டா என்னன்னு இருந்துச்சு எனக்கு. கட்டோட படுத்திருந்தவ அந்தக் கையைத்தான் தடவிப் பிடிச்சா.

"அந்த மேனேஜர் உன்னை எதுனா சொன்னாராடா?"

நம்ம ரோடு இப்ப பார்க்கவே அழகா இருக்குதுன்னு ஊரே சொல்லுது. அழகா இருக்குதான்னு அக்காகிட்ட மட்டும் நான் இன்னும் கேக்கல.