நான் பழக்கிய "ஓ டியர்"

இந்த நாட்டில் கையைச் சுட்டுக்கொண்டாலும் சத்தமில்லாமல்தான் சுட்டுக்கொள்ள வேண்டும். 2010இல், செவன் ஹில்ஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொதிதண்ணீர் பட்டு "ஐயோ அம்மா" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறைக் கிழவி யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பயந்து அவசர மணியை அமத்த, மூன்று பேர் ஓடி வந்தார்கள்.

"யாருக்கு என்ன நடந்தது?"

"ஒருவருக்கும் ஒன்றுமில்லை. சும்மா சொன்னேன்."

மேற்பார்வைக்காரி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, நிரப்பச் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினாள். யாழ்ப்பாணத்தில் ஒரு ஐயோ கேட்டால் அடுத்த வளவே வேலி தாண்டி வந்து நிற்கும். படிவம் கேட்காது. அன்றிலிருந்து நானும் "ஓ டியர்" சொல்லப் பழகிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் தாபிஷா வேலைக்கு வந்தாள். ஷில்லாங்கிலிருந்து வந்த, காசி என்ற மலையினத்துப் பெண். எங்களுக்குள் ஆங்கிலம்தான், ஆனால் வாய் தவறி வருவதெல்லாம் அவளுக்குக் காசி மொழியில்தான் வரும். வயதில் மூத்தவள் என்று என்னை "கொங்" என்பாள், எங்கள் அக்கா மாதிரி. வியப்பு வந்தால் நீட்டி ஒரு "வா". நம்பமுடியாவிட்டால் "ஷிஷா?". உடம்பு நொந்தாலும் மனம் நொந்தாலும் "ஆடோ". கிழவர்களின் புண்ணுக்கு மருந்து கட்டும்போது, நோவு தனக்கே என்பது போல "ஆடோ, ஆடோ" என்பாள். கேட்க எனக்கு ஆசையாக இருக்கும். நான் விழுங்கியதை இவள் விழுங்காமல் திரிகிறாளே என்று கொஞ்சம் பொறாமையும் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

"ஆடோ சொல்லாதே பிள்ளை. இங்கே பயந்துபோவார்கள். ஓ டியர் என்று சொல்."

"அது நோகிற மாதிரியே இல்லையே, கொங்."

"பழகிவிடும்."

நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு நிரந்தர வேலை இல்லை, ஒரு முறைப்பாடு போதும் வீட்டுக்கு அனுப்ப. ஒவ்வொரு ஆடோவுக்கும் கண்ணால் முறைத்தேன். மூன்று மாதத்தில் அவள் வாய் அடங்கிவிட்டது.

ஒரு மத்தியானம் நாங்கள் இருவரும் தேநீர் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவளுக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. கேட்டு முடித்து, போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா போய்விட்டாராம், கொங்."

பிறகு திரும்பிக் கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. ஆனாலும் மிக மெதுவாக, "ஓ டியர்" என்றாள்.

நான் எழும்பிப் போய்க் கட்டிப்பிடித்து, கத்து பிள்ளை, ஆடோ என்று கத்து, வருகிறவர்கள் வரட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். "ஐ ஆம் சொறி" என்றேன். அவ்வளவுதான் வந்தது எனக்கு. அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அன்றைய வேலையையும் முடித்துத்தான் போனாள். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு அவள் மெல்பேர்ன் போய்விட்டாள். போன கிழமை, வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம், குசினியில் அடுப்பிலிருந்த தாச்சி விளிம்பு கையில் பட்டுச் சுட்டது. மணி அமத்த ஆளில்லை, விரும்பியபடி கத்தலாம். ஐயோவும் வரவில்லை, ஓ டியரும் வரவில்லை. "ஆடோ" என்றுதான் வந்தது. கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடி, யாராவது வேலி தாண்டி வருகிறார்களா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றேன்.