பத்து நொடி

கல்குவாரியில் லாரிகளுக்கு எடை போடுகிற அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். நிலாவுக்கென்று செய்த வண்டியைச் சோதித்துப் பார்க்க இன்ஜினியரிங் பிள்ளைகள் அங்கே வந்த மூன்றாம் நாள், அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அவ்வளவு தூரம் கட்டளை போய்ச்சேர்ந்து, வண்டி அதைச் சரிபார்த்து நகர நேரமாகுமாம். அதற்காக, பட்டனை அழுத்திப் பத்து நொடி கழித்தே வண்டி நகரும்படி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குத்தான் பொறுமை இல்லை. நகரவில்லையே என்று மறுபடி மறுபடி அழுத்த, அத்தனை கட்டளையும் வரிசையாக வந்து வண்டியைப் பள்ளத்தில் குப்புறத் தள்ளின.

"ஏம்ப்பா, அதை மூச்சு விட விடமாட்டீங்களா?" என்றாள் அக்கா.

"நீங்களே ஓட்டிப் பாருங்கக்கா!" குழுவை நடத்துகிற பெண் கடுப்பில் ரிமோட்டை நீட்டினாள்.

அக்கா ஒரே ஒரு தடவை அழுத்தினாள். காத்திருந்தாள். வண்டி நகர்ந்து நின்ற பிறகே அடுத்ததை அழுத்தினாள். அலுங்காமல் குலுங்காமல் வண்டி பள்ளத்தைச் சுற்றி அக்கரை சேர்ந்தது.

"இதை எங்கே கத்துக்கிட்டீங்கக்கா?"

"வீட்டுல."

சாயங்காலம், பக்கவாதத்தில் பேச்சு போயிருந்த கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்டீங்களா?" என்றாள். எட்டு மாதம் பதிலே வராத கேள்வி. இப்போது மெதுவாகவாவது வருகிறதே, அதுவே பெரிய கொடுப்பினை. மறுபடி கேட்காமல் அவர் உதட்டையே பார்த்திருந்தாள்.

"சாப்... டேன்," என்றார். பிறகு, என்றைக்கும் இல்லாமல், "நீ?"

அந்த வாயாடிக்குப் பதில் சொல்லப் பத்து நொடி போதவில்லை.