சுவர் ஓட்டையில் இருந்த பாம்பு

மழையில் நனைந்த பனியன் துணிக்கு ஒரு வாசனை உண்டு, பஞ்சும் மெஷின் ஆயிலும் கலந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள், அருள்புரத்தில் நாங்கள் குடியிருந்த ஐந்து வீட்டு ‘லைன்’ முழுக்க அந்த வாசனைதான். தென்காசிப் பக்கமிருந்து வந்த பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா, பனியன் கம்பெனிகளில் துணி வெட்டியது போக மிஞ்சும் ‘வேஸ்ட்’டை மூட்டை மூட்டையாக வாங்கி, வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்துக் கொடுத்துப் பிழைத்தார்.

எதையும் பட்டியலாக எழுதுவது ஆறாம் வகுப்பிலேயே எனக்குப் பழக்கம். அந்த ஐப்பசியில் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பாம்பு இருந்தது. நிறம்: காப்பித்தூள். வெள்ளைப் பட்டைகள்: கழுத்தருகே அகலம், வால் பக்கம் மங்கல். நீளம்: என் கையளவு. உணவு: பல்லி. இடம்: எங்கள் சுவர்.

சுவரில் அது இருந்தது, கேபிள் ஒயருக்காக அப்பா யாரையும் கேட்காமல் போட்ட ஓட்டையில். ஆணி அடித்தாலே காலி செய்யச் சொல்லும் வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரியாமல், உள்ளே காலண்டரை மாட்டி மறைத்தோம். வெளிப்பக்கம் எஸ்தர் அக்காதான் தன் மூட்டைகளை அடுக்கி மறைத்துக் கொடுத்தார். “யாரு பாக்கப் போறா, விடுங்க மதினி” என்று அம்மாவிடம் சிரித்தார்.

ஒரு காலையில் பாம்பு மூட்டையோரம் வெளியே வந்தது. ‘கட்டுவிரியன்’ என்று யாரோ கத்த, அப்பா அடித்துக் கொன்றார். வீட்டுக்கார அம்மா வந்து, முதலில் பார்த்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்.

“எங்கிருந்து வந்துச்சு, சொல்லு கண்ணு.”

“மூட்டைக்குள்ள இருந்துங்க.”

“பாம்பையும் வெள்ள தனி, கலர் தனின்னு பிரிக்கச் சொல்லி கம்பெனிக்காரன் அனுப்பிட்டானோ என்னமோ” என்றார் எஸ்தர் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

“தப்பா நெனச்சுக்காதீங்க. கொழந்தைக இருக்கற எடம். அடுத்த மாசத்துக்கு வேற ஊடு பாத்துக்குங்க” என்றார் வீட்டுக்கார அம்மா அவரிடம்.

எஸ்தர் அக்கா சுவரைப் பார்த்தார், பிறகு என்னை. ஓட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலி செய்த நாளில் எல்லா மூட்டைகளையும் வண்டியில் ஏற்றியவர், ஒன்றை மட்டும் ஓட்டையை மறைத்தபடி சுவரோரம் விட்டார். “இது இங்கயே கெடக்கட்டும் மதினி.” அம்மா தலை நிமிரவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

இப்போது துணியில் விழும் பழுது எந்த மெஷினில், எந்த ஊசியில் தொடங்கியது என்று கண்டுபிடித்து எழுதுவது என் வேலை. பாம்புகளைப் பற்றிய புத்தகமொன்றில் அந்தப் பாம்பைத் திரும்பப் பார்த்தேன். பெயர் வெள்ளிக்கோல் வரையன். நஞ்சில்லாதது. பல்லிக்காக வீடுகளை ஒட்டியே வாழும். அதன் வாழிடத்தைக் காட்டும் வரைபடத்தில் எங்கள் ஊரும் தென்காசியும் ஒரே வண்ணத்தில் கிடந்தன. யாரும் மூட்டையில் கட்டிக் கொண்டுவர வேண்டிய பாம்பு அல்ல அது.

லைன் வீடுகளை இடித்து, அங்கே தகரக் கூரை போட்ட குடோன் கட்டிவிட்டார்கள். எஸ்தர் அக்கா மங்கலம் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அரை மணி நேரப் பயணம்தான், நான் போனதில்லை. நோட்டு மட்டும் இருக்கிறது. ‘இடம்’ என்பதற்கு எதிரே, ரப்பர் தேய்த்து மெலிந்த தாளில், பாம்பை அடித்த அன்று மாலை நான் திருத்தி எழுதிய சொல்: மூட்டை.