பிரேக்கும் அப்பாவின் வலது காலும்

கார் சாவியை நான் கேட்டு வாங்கிக்கொண்ட அன்று அப்பா என்னோடு சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்தால்கூட அரைமணி நேரம் வாதாடுகிற மனிதர். நாமக்கல்லிலிருந்து வடக்கே முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். மொழி தெரியாத ஊர் செக்போஸ்ட்டில்கூடப் பேசியே ஜெயித்து வந்தவர். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். எங்கள் கோழிப்பண்ணை வாசலில் தீவன மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தோம். காரைத் திருப்பிக்கொண்டு வந்த அப்பா நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் நேரே மூட்டைகள் மேல் கொண்டுபோய் மோதினார். மக்காச்சோளம் வாசலெல்லாம் கொட்டியது. அதே மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் முன்புவரை நான் நின்றிருந்தேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும், அது பிறவிக் குணம். "உங்க காலுல தெம்பு போயிருச்சுங்கப்பா. இனிமே வண்டியத் தொடாதீங்க" என்று பண்ணையே கேட்கக் கத்தினேன்.

சாவி போனதும் அவருடைய வியாழக்கிழமையும் போயிற்று. வாராவாரம் வியாழனன்று பனமரத்துப்பட்டியில் இருக்கும் பழைய கூட்டாளி வீட்டுக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு போவார். அவரும் லாரி ஓட்டியவர்தான். வாரத்தில் அப்பா ஆசையாகச் சவரம் செய்துகொள்வது அந்த ஒரு நாள். நான் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "வேண்டாஞ்சாமி, நீ கோழியப் பாரு" என்றுவிட்டார்; மகளை அவர் கூப்பிடுவது சாமி என்றுதான். மூன்று வியாழன் இப்படியே கழிந்தது.

இன்னொன்றும் எனக்குப் புதிராக இருந்தது. காலையில் எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்தபடி வலது காலை எதிர்ச் சுவரில் வைத்து அழுத்துவார். விடுவார், மறுபடி அழுத்துவார். வெள்ளைச் சுவரில் ஒரு பாதம் அழுக்காகப் பதிந்துவிட்டது. மூட்டுவலியா என்று கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். நானும் விட்டுவிட்டேன்.

நான் எப்போதும் மொபெட்டில் திரிகிறவள். அதனால் கார் சும்மா நின்றது. நாலாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூசி படிந்து கிடக்கிறதே என்று கழுவ உட்கார்ந்தபோது பின்பக்க இடது டயரின் உட்புறத்தில் ஈரமாக ஒரு கோடு தெரிந்தது. தண்ணீர் இல்லை, விரலில் வழவழத்தது. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தேன். ஆயில் அடிக்கோட்டுக்குக் கீழே இருந்தது. பிரேக்கைப் பிடிக்க வைப்பதே அந்த ஆயில்தான்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாததற்கு உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தப்பு காருடையது என்றால் அன்று நான் கத்தியதெல்லாம் அநியாயம். அதை ஊரார் யாரும் சொல்வதற்கு முன்னால் நானே என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. தவிர, உள்ளே என்னதான் இருக்கிறது என்று எதையும் திறந்து பார்க்கிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினேன். அதற்குப் பின்னால் இருந்த இரும்புக் கிண்ணி, பிரேக் டிரம், வரவே மாட்டேன் என்றது. தட்டினேன், திட்டினேன். பிறகுதான் அதன் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் கண்ணில் பட்டன. அவற்றில் இரண்டு போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்கியதும் டிரம் தானாக வெளியே நகர்ந்து வந்தது. வெளியே இழுக்க உள்ளே முறுக்க வேண்டும் என்று யோசித்தவர் யாரோ, அவரை நினைத்துச் சிரித்தேன்.

உள்ளே இரண்டு பிறை வடிவ பிரேக் ஷூக்கள். மேலே அவற்றை விரித்துத் தள்ளும் கட்டைவிரல் நீள வீல் சிலிண்டர். அதன் ரப்பர் மூடியை நகத்தால் விலக்கினேன். ஆயில் சொட்டியது. ஷூ இரண்டும் ஆயிலில் ஊறி டிரம்மைப் பிடிக்கவே முடியாமல் கிடந்தன. இந்தக் காரின் பிரேக்கை எந்தக் கால் மிதித்தாலும் அன்றைக்கு வண்டி நின்றிருக்காது.

அப்பா தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

சிலிண்டரும் ஷூவும் இரண்டு பக்கத்துக்கும் வாங்கி வந்து, அடுத்த ஞாயிறு மாட்டினேன். எந்த ஸ்பிரிங் எங்கே என்று மறந்துபோகாமலிருக்க ஒரு பக்கம் முடியும்வரை மறுபக்கத்தைத் திறக்கவில்லை. அப்படியும் ஒரு ஸ்பிரிங்கைத் தலைகீழாக மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினேன். கடைசி வேலை பிரேக் ஆயில் ஓடும் பைப்பில் புகுந்த காற்றை எடுப்பது. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே பெடலை மிதிக்க வேண்டும், மற்றவர் பின்னால் சிலிண்டரில் காற்றை வெளியே விடும் சின்னத் திருகை, நிப்பிளை, திறந்து மூட வேண்டும். முட்டை பொறுக்குகிறவர்கள் போய்விட்டிருந்தார்கள். அப்பாவைத்தான் கூப்பிட்டேன்.

"வேற ஆளு யாருமில்லியா சாமி?" என்று தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்.

நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலில் விட்டேன். "மிதிங்கப்பா. நான் சொல்றவரைக்கும் காலை எடுக்காதீங்க."

நிப்பிளைத் திறந்தேன். குமிழிகள் வந்தன. அதே நொடியில் அப்பா காலை எடுத்துவிட்டார். வெளியே வந்த காற்று அத்தனையும் திரும்ப உள்ளே போயிற்று.

"எடுக்காதீங்கன்னு சொன்னனுங்கல்ல!" குரல் மறுபடி ஏறிவிட்டது.

"கீழ போகுது சாமி. பிரேக்கு கீழ போனா பயமா இருக்காதா?"

"இப்பக் கீழதானுங்க போகோணும். காத்து வெளிய வருது."

"காத்து வந்தா நல்லதுதான? லாரில காத்து இருந்தாத்தான் பிரேக்கே. காத்து எறங்குனா மீட்டர் காட்டும், சத்தம் கேக்கும், வண்டி தானா நின்னுக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் ஆயுசு முழுக்க நம்பிய காற்று இந்தக் காருக்கு எதிரி. சத்தமில்லாமல் ஒழுகிக் கைவிடுகிற பிரேக்கை அவர் கண்டதே இல்லை. "கொட்டாயில கோழி தண்ணி குடிக்கிற பைப்புல காத்துப் பூந்தா தண்ணி நின்னுருமில்லீங்களா, இது அந்த மாதிரிங்கப்பா" என்றேன். அது அவருக்கு உடனே புரிந்தது.

"மிதிங்க." மிதித்தார். "புடிச்சுக்குங்க." பிடித்தார். திறந்து மூடினேன். "உடுங்க." திரும்பத் திரும்பச் செய்தோம். வண்டியின் பின்னால் மண்ணில் படுத்திருந்த எனக்கு அவர் கால் அழுத்துவது டியூபில் வந்த ஆயிலில் தெரிந்தது. ஒரே சீராக அழுத்தி, துளி நடுக்கம் இல்லாமல் நின்றது அது. தெம்பு போன கால் என்று நான் சொன்ன கால். குமிழி நின்று சுத்தமான ஆயில் வந்தது. மறுபக்கச் சக்கரத்தையும் முடித்து ஆயில் டப்பாவை நிரப்பிவிட்டு அவரிடம் போனேன்.

அவர் பெடலை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லாட்ட நிக்குது" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். "அப்ப, எங்காலு இல்லியா சாமி?"

"இல்லீங்கப்பா. ஆயில் ஒழுகியிருக்குது."

"கொஞ்ச நாளாவே அமுக்க அமுக்கக் கீழ போச்சு. காலுல உசுரு இல்லைன்னு நெனச்சுப்போட்டேன். நீயும் அதையே சொன்னயா, செரின்னு சாவியக் குடுத்துட்டேன்."

"அதுக்குத்தான் செவுத்த மிதிச்சீங்களா?"

"தெனம் நூறு மிதி. தெம்பு வந்ததும் சாவியக் கேக்கலாம்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. "நான் சொன்னது தப்புங்கப்பா" என்றேன். அவர் ஆயில் பட்ட என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "போய்க் கழுவு மொதல்ல" என்றார்.

சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கி, வாசலுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பத்து தரம் நிறுத்திப் பார்த்தேன். நின்றது. அன்று வியாழன் இல்லைதான். இருந்தாலும் பனமரத்துப்பட்டிக்குப் போகலாமா என்று கேட்டேன். உள்ளே போனவர் சவரம் செய்து சட்டை மாற்றி வந்தார். நேரே இடது பக்கக் கதவைத் திறந்து ஏறப் போனார்.

"அந்தப் பக்கமில்லீங்கப்பா" என்று சாவியை நீட்டினேன்.

 வாங்கிக்கொண்டு சுற்றி வந்து உட்கார்ந்தவர், முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கவும் என்னைத் திரும்பி முறைத்தார்.

"சீட்ட ஆரு முன்னால தள்ளுனது? ஒரு மனுசன் உக்காந்து ஓட்டுற எடமா இது?"

ஓட்டிப் பார்த்தது நான்தான் என்றேன். அதுவும் தப்பு என்றார். வழியில் மல்லூர் தாண்டும் வரைக்கும் அந்தச் சண்டை ஓயவில்லை.