பதினேழாவது கிலோமீற்றர்

என் மனைவியின் நாநா, அதாவது அண்ணன், உப்பு லொறி ஓட்டினார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். புத்தளத்துக்குப் பக்கத்தில் பாலாவியில் உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வாரத்தில் இரண்டு தடவை மலைநாட்டுக்குப் போய், கோவா, கரட் என்று மரக்கறி ஏற்றிக்கொண்டு வருவார். நான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கள் இரண்டு குடும்பங்களும் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு வந்தவை. யுத்தம் முடிந்த பிறகு இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ப் பழைய வளவுகளைப் பார்த்தோம். வேலி எது, கிணறு எது என்று தெரியாத அளவுக்குப் பற்றை மூடியிருந்தது. திரும்பி வந்து இங்கேயே இருந்துவிட்டோம்.

எனக்குச் சீனி வருத்தம் வரப் பார்க்கிறது என்று டொக்டர் சொன்னதால்தான் நான் நடக்கத் தொடங்கினேன். சுபஹு தொழுதுவிட்டுக் கற்பிட்டி வீதியில் நடப்பேன். சில மாதத்தில் நடை மெல்லிய ஓட்டமாக மாறியது. ஒரு நாள் மச்சான் லொறியை எனக்குப் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே, "ஆர் மச்சான் துரத்துறது?" என்று கேட்டுச் சிரித்தார். அடுத்த கிழமை அவரும் வந்துவிட்டார். பழைய செருப்போடு வந்தார். இரண்டாம் நாள் புத்தளம் டவுனில் சப்பாத்து வாங்கிக்கொண்டார்.

நாலு வருஷம் அப்படி ஓடினோம். அவர் ஊரில் இருக்கிற நாட்களில் இரண்டு பேரும், இல்லாத நாட்களில் நான் தனியாக. இரண்டு நடுவயதுக்காரர்கள் கட்டைக் களிசானோடு ஓடுவதைப் பார்த்து முதலில் சிரித்த ஊர், பிறகு பழகிவிட்டது.

மலைநாட்டு ஓட்டத்தைப் பற்றிச் சொன்னது அவர்தான். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருபத்தொரு கிலோமீற்றர். மரக்கறிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார்.

"அந்த ரோட்டு எனக்குக் கைரேகை மாதிரி மச்சான். எந்த வளைவில எந்த கியர் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன்."

"லொறிக்குத் தெரியும். காலுக்குத் தெரியுமா?"

"காலும் லொறியும் ஒண்டுதான்."

எங்கள் பக்கம் மலை என்று ஒன்றும் கிடையாது. பாலாவியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் வீதி தட்டையாகக் கிடக்கும். ஆனால் சோளகக் காற்று வீசும் மாதங்களில், வடக்கே போகும்போது முதுகைத் தள்ளுகிற காற்று, திரும்பி வரும்போது நெஞ்சில் கை வைத்துத் தடுக்கும். அந்தத் திரும்பி வருகிற பாதியைத்தான் எங்கள் ஏற்றமாக வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமைகளில் கடற்கரைப் பக்கம் உள்ள மணல் மேட்டில் ஏறி இறங்கினோம்.

ஓட்டத்துக்கான திட்டத்தை நான்தான் போட்டேன். கணக்கு வாத்தியார் என்பதால் கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். தட்டை வீதியில் ஒரு கிலோமீற்றரை ஆறு நிமிடத்தில் ஓடுகிற எங்களுக்கு, மலையில் அந்தக் கணக்கு உதவாது. ஏற்றத்தில் மணிக்கூட்டைப் பார்க்கவே கூடாது, மூச்சைத்தான் பார்க்க வேண்டும். ஏழு நிமிடம் ஆனாலும் எட்டு நிமிடம் ஆனாலும் மூச்சு அதே மூச்சாக இருக்க வேண்டும். அடி சின்னதாக வைக்க வேண்டும். மிகவும் குத்தென்றால் முப்பது காலடி நடந்துவிட்டுத் திரும்ப ஓடலாம். ஏற்றத்தில் விட்ட நேரத்தை இறக்கத்தில் பிடிக்க நினைக்கக் கூடாது. இறக்கத்தில்தான் தொடை உடையும், அது கடைசியில்தான் தெரியும். பதினேழாவது கிலோமீற்றரில் இன்னொரு ஏற்றம் இருந்தது. அதற்கு ஆள் மிச்சம் இருக்க வேண்டும்.

இறக்கத்தைப் பற்றி நான் சொன்னபோது மச்சான் தலையாட்டினார். "எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு. பிரேக்கை நம்பினா பிரேக் எரிஞ்சிரும். இத எனக்கு இருபது வயசிலயே சொல்லித் தந்தாங்க."

கடைசி வரியாக நான் எழுதியது இது: பிரிந்தால் அவரவர் வேகத்தில் போவது. ஒருவருக்காக ஒருவர் நிற்பதில்லை. மச்சான் இறக்கம் கண்டால் பறப்பவர், நான் மெதுவாக இறங்குபவன். ஒருவர் மற்றவரைத் துரத்தினாலோ காத்துக்கொண்டு நின்றாலோ இரண்டு பேருடைய ஓட்டமும் கெட்டுப்போகும். அதனால் எழுதினேன். அவரும் வாசித்துவிட்டுச் சரி என்றார்.

மூச்சு சரியா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தோம். ஓடிக்கொண்டே ஒரு முழு வசனம் கதைக்க முடிய வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். இதற்கு மச்சானை விடப் பொருத்தமான ஆள் இல்லை. லொறிக் கதைகள் அவரிடம் முடியவே முடியாது. வழியில் குறுக்கே வந்த யானை, சந்தியில் லஞ்சம் கேட்டுவிட்டுத் தானே வெட்கப்பட்ட பொலிஸ்காரர், ஹட்டனில் ஒரு கிழவி மூட்டைக்கணக்கில் உப்பு வாங்கி என்ன செய்கிறாள் என்பது. அவர் கதை சொல்லச் சொல்ல நாங்கள் ஓடுவோம்.

ஓட்டத்துக்கு முன்னான கடைசி ஐந்தாறு கிழமைகளில் அவர் கதைகளைக் குறைத்துக்கொண்டார். நான் ஏதாவது கேட்டால் "ஓம்" என்பார், "இல்ல" என்பார். காற்றுக்கு எதிராகத் திரும்பும்போது ஒன்றுமே சொல்லமாட்டார். இரண்டு தடவை நின்று இடுப்பில் கை வைத்துக் கடலைப் பார்த்தார். ஏப்பம் விட்டுக்கொண்டே, "காஸ் மச்சான். லொறிச் சாப்பாடு" என்றார். வேகம் அப்போது கிலோமீற்றருக்கு ஏழு நிமிடம். அது அவருக்கு ஒரு வேகமே இல்லை.

நான் என்ன நினைத்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவர் வெளியூர் போகிற நாட்களில் ஓடாமல் விடுகிறார், அதனால் உடம்பு விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் சொல்லியும் விட்டேன். "பயிற்சி காணாது மச்சான். மலையில மாட்டுப்படுவீங்க." அவர் முகம் கறுத்தது. அதற்குப் பிறகு எனக்குப் பின்னால் விழாமல் பிடிவாதமாக ஓடினார்.

ஓட்டத்துக்கு முதல் நாள் லொறியிலேயே போனோம். உப்பை இறக்கிவிட்டு, அவருக்குத் தெரிந்த ஒரு முதலாளியின் கடை அறையில் படுத்தோம். காலையில் குளிர் பல்லைக் கிட்ட வைத்தது. எங்கள் ஊரில் மார்கழியிலும் அப்படி ஒரு குளிர் கிடையாது.

முதல் நாலு கிலோமீற்றரில் எல்லோரும் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். நாங்கள் விட்டோம். பிறகு பெரிய ஏற்றம் வந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்து வாசல்களில் போர்வை போர்த்திக்கொண்டு நின்ற பெண்கள் எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். "புத்தளம்" என்றேன். மச்சான் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். எட்டாவது கிலோமீற்றருக்குள் எங்களை முந்தினவர்களில் பாதிப் பேரை நாங்கள் முந்தினோம். திட்டம் சொன்னபடியே நடந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பன்னிரண்டில் நீண்ட இறக்கம் தொடங்கியது. மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கால்களை விட்டுவிட்டார். அதே கியரில் இறங்க வேண்டும் என்று இருபது வயதிலேயே படித்த மனிதர் அன்றைக்கு அதைச் செய்யவில்லை. நான் சொன்ன வார்த்தைதான் அவரைத் தள்ளியது என்று எனக்குத் தெரியும். பயிற்சி காணும் என்று எனக்குக் காட்ட வேண்டியிருந்தது. நான் துரத்தவில்லை. அவருடைய மஞ்சள் பெனியன் இரண்டு வளைவுகளுக்கு அப்பால் மறைந்தது.

பதினேழாவது கிலோமீற்றர்க் கல்லைத் தாண்டி, கடைசி ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு மதகு. அதன் கட்டின் மேல் மச்சான் உட்கார்ந்திருந்தார். ஒரு கை நெஞ்சிலும் மற்றது தொடையிலும் இருந்தது. அந்தக் குளிரில் அவர் முகத்திலிருந்து வியர்வை சொட்டியது.

நான் நின்றேன். "என்ன செய்யுது?"

"ஒண்டுமில்ல. காஸ். இறக்கத்தில ஓடிட்டன்."

"ஆரையும் கூப்பிடட்டா? அங்கால ஒரு அம்புலன்ஸ் நிக்குது."

"சும்மா இருங்க மச்சான். கொஞ்சம் இருந்திட்டு நடந்து வாறன். நீங்க போங்க." பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, "எழுதினதுதானே. நிக்கிறதில்ல எண்டு" என்றார்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு மனிதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறான், நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நினைத்த நேரத்துக்கு ஒன்றரை நிமிடம் முன்னால் இருந்தேன். இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடலாம்.

போனேன். சின்ன அடி, ஒரே மூச்சு. வாழ்க்கையில் அதைவிட நன்றாக ஓர் ஏற்றத்தை நான் ஏறினதில்லை.

முடிவிடத்தில் மெடலைக் கழுத்தில் போட்டார்கள். தேத்தண்ணி தந்தார்கள். நான் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐம்பது நிமிடம் கழித்து மச்சான் நடந்து வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது, ஆனால் சிரித்தார். "லொறி பிரேக் டவுன்" என்றார். கூட நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன். அன்று பின்னேரம் அவர்தான் லொறியை ஓட்டிக்கொண்டு எங்களை ஊருக்குக் கொண்டு வந்தார். வழியில் ஒரு கடையில் நிறுத்திச் சோடா குடித்ததோடு சரி.

ஐந்து கிழமை கழித்து, உப்பு ஏற்றிக்கொண்டு பாலாவியிலிருந்து புறப்பட்டவர், மூன்று கிலோமீற்றர் போவதற்குள் மௌத்தாகிவிட்டார். லொறியை வீதியோரம் எடுத்து, என்ஜினை நிறுத்தி, கை பிரேக்கையும் போட்டிருந்தார். தலை மட்டும் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தது. பின்னால் வந்த பஸ்காரர்தான் இறங்கிப் பார்த்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் கடுதாசிகளில் கையெழுத்துப் போட நான் போயிருந்தேன். இளம் டொக்டர் ஒருவர், தமிழ்ப் பொடியன், பிரேதப் பரிசோதனை முடிந்து வெளியே வந்து கேட்டார்.

"ஒரு மாசத்துக்கு முன்னால இவருக்கு நெஞ்சு நோவு ஏதும் வந்ததா? இதயத்தில ஆறிக்கொண்டு வந்த பழைய காயம் ஒண்டு இருக்கு. அப்பவே ஒரு அட்டாக் வந்திருக்கு. அதோட நடமாடித் திரிஞ்சிருக்கார்."

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம். நானும் ஒரு பிடி மண் போட்டேன். எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள். கூட ஓடினவர், கூட ஓடினவர் என்று ஒவ்வொருவரும் வந்து என் தோளைப் பிடித்தார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஓடவும் இல்லை. என் மனைவி தன் நாநாவைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் ஏதாவது வேலை இருப்பது போல எழுந்து போவேன். அவள் அதைத் துக்கம் என்று நினைத்து விட்டுவிட்டாள். வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று அந்த மதகு கண்ணுக்கு முன்னால் வரும். பிள்ளைகள் விடைக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், சாப்பிட்டு முடிந்து அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நீங்க திரும்ப ஓடினா என்ன? சீனி கூடிக்கொண்டு போகுது" என்றாள். அந்த இடத்தில் என்னால் ஏலாமல் போய்விட்டது. குசினிக் கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதையைக் குறைத்தது, பயிற்சி காணாது என்று நான் சொன்னது, மதகு, மணிக்கூடு, டொக்டர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில்.

அவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். கை ஈரத்தோடு அப்படியே நின்றாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எனக்கிட்டயும் சொன்னவர்" என்றாள் கடைசியில். "ஓட்டத்துக்குப் போறதுக்கு முன்னால. நெஞ்சு எரியுது தங்கச்சி எண்டு வந்து இந்தக் கதிரையிலதான் இருந்தவர். நான் இஞ்சி அவிச்சுக் குடுத்தன். குடிச்சிட்டு நல்லம் எண்டு போனவர். மதினிக்கிட்ட சொல்ல வேணாம், ஓட விடமாட்டா எண்டு சொன்னவர். நான் சொல்லல்ல."

இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒரு வருஷமாக இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அவருடைய மனைவியிடம் சொல்லத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தோம். அவர் கணவனை இழந்தவர்கள் வீட்டுக்குள் இருக்கும் இத்தாக் காலத்தை முடித்த பிறகு பிள்ளைகளோடு குறிஞ்சிப்பிட்டியில் தன் உம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தார். பஸ்ஸில் போனோம். வெங்காயப் பாத்திக்குப் பக்கத்தில் கதிரை போட்டு எங்களை இருக்கச் சொன்னார். நான் சொன்னேன், என் மனைவி சொன்னாள். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முடியும்வரை கேட்டார்.

"ஆஸ்பத்திரியில உங்களுக்குத் தெரிஞ்சதை அண்டைக்கே என்னட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். "ஏன் போனார், எப்பிடிப் போனார் எண்டு நான் ஒரு வருஷமாக் கேட்டுக்கொண்டிருந்தன். காலையில நான் என்ன சமைச்சுக் குடுத்தன் எண்டு யோசிச்சு யோசிச்சுக் கிடந்தன்."

தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடித்துவிட்டு எழுந்தோம். வாசல் படலை வரைக்கும் அவர் வரவில்லை.

ஏழெட்டு மாதம் எங்களோடு கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறார். பெருநாளைக்குப் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு அனுப்புகிறார், சில நேரம் தானும் வருகிறார். வந்தால் என் மனைவியோடு குசினியில் இருந்து கதைப்பார். நான் உள்ளே போனால் சலாத்துக்குப் பதில் சொல்லுவார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்பார். அதற்கு மேல் இல்லை. அதற்கு மேல் கேட்க எனக்கும் வாய் வருவதில்லை.